பிரேக் போட்டா கார் உதறுதா? டிஸ்க்க மாத்தறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க

நம்ம வீடு வடசென்னையில கொடுங்கையூர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை பெஞ்சப்போ எங்க தெருவுல நாலு நாள் தண்ணி நின்னுச்சு, வாசல்ல நிறுத்தியிருந்த காரோட வீல் பாதி தண்ணிக்குள்ள. இன்ஜினுக்குள்ள தண்ணி போகல, தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் ஆயிருச்சு, தப்பிச்சோம்னு விட்டுட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு மாதவரம் 200 அடி ரோட்டுல 80ல போய்க்கிட்டிருந்தப்போ முன்னாடி போன லாரி சடார்னு ஸ்லோ ஆக, நான் பிரேக்க மிதிச்சா ஸ்டீரிங் கையிலயே நிக்கல, அப்படி ஒரு உதறல். பின் சீட்டுல அம்மா, "இன்னாடா வண்டி இப்படி ஆடுது"ன்னு கதவப் புடிச்சுக்கிட்டாங்க.

அந்த உதறல் போக எனக்கு ஏழு மாசம் ஆச்சு. முதல் ஷெட்ல முன் வீலோட சேந்து சுத்தற இரும்புத் தட்டு, அதான் டிஸ்க், ரெண்டும், அத ரெண்டு பக்கமும் கவ்வற பேடும் மாத்தி 6,000 ரூபா. 4,000 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப வந்துச்சு. ரெண்டாவது ஷெட்ல "முன்ன போட்ட டிஸ்க் சரியில்ல"ன்னு சொல்லி மறுபடி டிஸ்க், கூடவே வீல வண்டியோட அடிப்பக்கம் சேத்துப் புடிக்கற லோயர் ஆர்ம் ரெண்டும், அலைன்மென்ட், 10,400 ரூபா. அதுவும் 3,000 கிலோமீட்டர்தான் தாங்குச்சு. கடைசியா ராயபுரத்துல ஒரு வயசான பாய் மெக்கானிக் பாத்தாரு. அவர் புதுசா ஒரு பார்ட்டும் மாத்தல. டிஸ்க் உக்கார்ற ஹப்ப சுத்தம் பண்ணி, அதே டிஸ்க்க லேத்ல விட்டு சமமாக்கி எடுத்து, பேட டிஸ்க்கோட அழுத்தற காலிப்பர்ல இறுகிப் போன பின்ன விடுவிச்சு, நட்ட கையால முறுக்கிக் குடுத்தாரு. 1,900 ரூபா. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் உதறல் இல்ல.

என் காசு போச்சு, உங்க காசாவது மிஞ்சட்டும்னுதான் இத எழுதறேன். முன்னாடி டிஸ்க், பின்னாடி ட்ரம் (டப்பா மாதிரி இருக்கும், உள்ளேந்து ஷூ விரிஞ்சு புடிக்கும்) இருக்கற சாதாரண சின்ன காருக்கு எழுதறேன், நாலு வீல்லயும் டிஸ்க் இருந்தாலும் முக்காவாசி இதுவே பொருந்தும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பெடல் மெத்துனு உள்ள இறங்கிப் போகுது, பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்குது, இரும்போட இரும்பு உரசற சத்தம் வருது, வீல்லேந்து கருகுன வாசன வருது, பிரேக் ஆயில் குறைஞ்சுக்கிட்டே போகுது, இதுல ஒண்ணு இருந்தாலும் வண்டிய ஓட்டி டெஸ்ட் பண்ணாதீங்க. மெக்கானிக்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க, இல்ல டோ பண்ணிக் கொண்டு போங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் ட்ரெய்லர் நடுவுல பிரேக் கைவிட்டா என்ன ஆகும்னு நம்ம ஏரியாக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

1. எப்ப உதறுது, எங்க உதறுதுன்னு முதல்ல எழுதி வைங்க

ஷெட்டுக்குப் போய் "பிரேக் ஆடுதுணா, என்னான்னு பாருங்க"ன்னு சொன்னா அவர் கண்ணுக்கு முதல்ல படறது டிஸ்க்தான். அதனால போறதுக்கு முன்னாடி நீங்களே ரெண்டு நாள் கவனிச்சு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

பிரேக் தொடாமலே 80, 90ல ஸ்டீரிங் ஆடுதா? அப்ப அது பிரேக் விஷயமே இல்ல, வீல் பேலன்சிங், டயரு, ரிம்மு இதுலதான் கோளாறு. பிரேக் மிதிச்சா மட்டும் ஆடுது, கால எடுத்தா நின்னுருதுன்னா கோளாறு டிஸ்க்லயோ ட்ரம்லயோதான். ஸ்பீடு கொறைய கொறைய உதறல் மெதுவாகி, டக் டக்னு எண்ணற மாதிரி வருதுன்னா, வீல் சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ இடிக்குதுன்னு அர்த்தம்.

அடுத்து எங்க தெரியுதுன்னு பாருங்க. ஸ்டீரிங்ல தெரிஞ்சா பெரும்பாலும் முன் வீலு. சீட்டுலயும் இடுப்புலயும் தெரியுது, ஸ்டீரிங் சும்மா இருக்குன்னா பின் வீலா இருக்க வாய்ப்பு அதிகம். பெடல் மட்டும் காலுக்கு அடியில துடிக்கறது முன்னாடியும் இருக்கலாம் பின்னாடியும் இருக்கலாம்.

இத உறுதி பண்ண ஒரு டெஸ்ட் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு, பின்னாடி யாரும் வராத நேரான காலி ரோட்டுல 30, 40 ஸ்பீடுல போய்ட்டு, கால் பிரேக்க தொடாம, ஹேண்ட் பிரேக்கோட பட்டன அமுக்கிப் புடிச்சபடியே மெதுவா மேல தூக்குங்க. பட்டன விடக்கூடாது, விட்டா லாக் ஆயிரும். ஹேண்ட் பிரேக் பின் வீல மட்டும்தான் புடிக்கும், அதனால அப்பவும் உதறுச்சுன்னா கோளாறு பின்னாடி, உதறலேன்னா முன்னாடின்னு ஓரளவு தெளிவாயிரும். மழையில இத பண்ணாதீங்க, ஸ்விட்ச் மாதிரி இருக்கற எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்ல பண்ணவே பண்ணாதீங்க.

இன்னொண்ணு, மண்ணு கொட்டிக் கெடக்கற ரோட்டுலயோ ஈரத்துலயோ சடன் பிரேக் அடிக்கறப்போ பெடல் கடகடன்னு அடிச்சா அது வீல் லாக் ஆகாம தடுக்கற ஏபிஎஸ் வேலை செய்யறது. அது கோளாறு இல்ல. மணலி பக்கம் ரோட்டோரம் எப்பவும் மண்ணும் தூசியும் இருக்கும், அங்க இத நிறைய பேர் உதறல்னு நெனச்சு ஷெட்டுக்குப் போறாங்க. சாதாரணமா மெதுவா பிரேக் போடறப்பவும் வருதான்னு பாருங்க, அப்ப வந்தாதான் நம்ம பேசற விஷயம்.

2. காசு ஆகாத விஷயத்த முதல்ல முடிங்க

வெள்ளத்துல நின்ன வண்டியோ, கணேசபுரம் சப்வே மாதிரி தண்ணி தேங்கற எடத்துல இறங்கி ஏறின வண்டியோ, ரிம்முக்கு உள்பக்கம் சேறு அப்பிக் காஞ்சு போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தா அதுவே வீல ஆட்டும். உள்பக்கம் கைய விட்டு தடவிப் பாருங்க, இருந்தா கழுவுங்க. ஓடி வந்த சூட்டோட தண்ணி அடிக்காதீங்க, சூடான டிஸ்க்ல பச்சத் தண்ணி அடிச்சா டிஸ்க்குக்கு நல்லதில்ல, ஒரு மணி நேரமாவது ஆற விடுங்க. வாட்டர் சர்வீஸ்ல போய் நின்ன உடனே அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க, நீங்கதான் வெயிட் பண்ணச் சொல்லணும்.

டயர் காத்து நாலுலயும் சரியா இருக்கா, பக்கச் சுவர்ல எங்கயாவது புடைச்சிருக்கா, வீல் நட்டு எல்லாம் இறுக்கமா இருக்கா, இதெல்லாம் பத்து நிமிஷ வேல. புடைச்ச டயர்னா வேற எதையும் பாக்க வேண்டாம், மொதல்ல அத மாத்துங்க.

பேலன்சிங் நாலு வீலுக்கும் எனக்கு 500 ரூபா ஆச்சு. பிரேக் போடாமலும் ஆடுதுன்னா அத முதல்ல பண்ணிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. பிரேக் போட்டா மட்டும்தான் ஆடுதுன்னா பேலன்சிங்ல காச விடாதீங்க.

3. வீல கழட்டி கண்ணால பாக்கறது

நீங்களே கழட்டறதா இருந்தா கெட்டியான சமதளத்துல நிறுத்துங்க, எதிர்பக்க வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வைங்க, நட்ட தரையில இருக்கும்போதே கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க, வண்டிக்கு அடியில ஸ்டாண்டு குடுக்காம உடம்புல எந்தப் பகுதியும் உள்ள போகக்கூடாது. இது பழக்கமில்லேன்னா ஷெட்லயே கழட்டச் சொல்லி நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, அதுவே போதும்.

டிஸ்க்ல என்ன பாக்கணும்னா, மேல அங்கங்க நீலமா கருப்பா திட்டு இருக்கா, பேடு சைஸ்ல ஒரே ஒரு எடத்துல மட்டும் அச்சு மாதிரி விழுந்திருக்கா, வெடிப்பு இருக்கா, ஓரத்துல விரல் மாட்டற அளவுக்கு விளிம்பு நிக்குதா. வெளிப்பக்கம் மட்டும் பாத்துட்டு விட்டுறாதீங்க, உள்பக்கந்தான் பல வண்டியில மோசமா இருக்கும். என் வண்டியில நாலு நாள் தண்ணிக்குள்ள நின்னதுல பேடு மூடியிருந்த எடம் ஒரு மாதிரியும் மீதி எடம் ஒரு மாதிரியும் துரு புடிச்சிருந்துச்சு, அந்தத் துரு மேல்பக்கம் தேஞ்சு போயும் அந்த அச்சு மட்டும் போகல. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னு கடலோரம் வண்டி நிறுத்தறவங்களுக்கு வெள்ளமே வேண்டாம், உப்புக் காத்துலயே நாலு நாள் நின்னா டிஸ்க் செவந்துரும். லேசா மேலோட்டமா இருக்கற துரு நாலஞ்சு தடவ பிரேக் போட்டா தானா போயிரும், அதுக்குப் பயப்பட வேண்டாம். வாரக்கணக்குல நின்னு புடிச்ச துருதான் பிரச்சன.

அடுத்து பேடு. உள் பேடும் வெளி பேடும் ஒரே அளவு தேஞ்சிருக்கணும். ஒண்ணு பாதி இருக்கு, இன்னொண்ணு தகடு தெரியுதுன்னா காலிப்பர் சரியா நகரலன்னு அர்த்தம். காலிப்பர்ல ரெண்டு பின் இருக்கும், அது ரெண்டும் கையால இழுத்தா வழுக்கிக்கிட்டு வரணும். என்னோடதுல ஒரு பின் சேறு போய் துரு புடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. மூணு ஷெட்ல ரெண்டு பேர் இத தொட்டுக் கூட பாக்கல.

வீல் கழட்டாமலே இத ஒரு அளவுக்குத் தெரிஞ்சுக்கலாம். அதிகமா பிரேக் போடாம ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ஓரமா நிறுத்தி, ஒவ்வொரு வீல் கிட்டயும் கைய கொண்டு போங்க, தொடாதீங்க, சுட்டுரும். முன் வீல் ரெண்டுல ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கம் பிரேக் விடாம புடிச்சுக்கிட்டே ஓடுது.

பிரேக்ல இருக்கற தூச வாயால ஊதவோ ஏர் அடிச்சு எடுக்கவோ விடாதீங்க. நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால தொடச்சா போதும், இல்லேன்னா பிரேக் க்ளீனர் ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்க.

4. அளந்து காட்டச் சொல்லுங்க

"டிஸ்க் பெண்டாயிருச்சு சார்." இத மூணு பேர்கிட்ட கேட்டேன். டிஸ்க் சூட்டுல அப்படியே வளஞ்சு போறது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் நடக்கறது வேற. டிஸ்க் ஒரு பக்கம் முடியளவு மெலிசாவும் இன்னொரு பக்கம் தடிமனாவும் ஆயிருது. அந்தத் தடிமன் வித்தியாசம் பேடுக்கு நடுவுல வரும்போதெல்லாம் காலிப்பருக்குள்ள பேட அழுத்தற பிஸ்டன தள்ளும், அது பெடலுக்கும் ஸ்டீரிங்குக்கும் உதறலா வந்து சேரும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே உணர முடியும், நம்ம கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அதனாலதான் அளக்கணும்.

ரெண்டு அளவு எடுக்கணும். ஒண்ணு மைக்ரோமீட்டர் வெச்சு டிஸ்க்க சுத்தி எட்டு எடத்துல தடிமன், எல்லாம் ஓரத்துலேந்து ஒரே தூரத்துல. ரெண்டாவது டயல் கேஜ். வீல் நட்ட வாஷர் போட்டு டிஸ்க்க ஹப்போட இறுக்கிட்டு, கேஜ் முனைய டிஸ்க் ஓரத்துலேந்து ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளி வெச்சு, மெதுவா ஒரு முழு சுத்து சுத்தினா டிஸ்க் எவ்ளோ ஆடுதுன்னு முள்ளு காட்டிரும். எவ்ளோ ஆடலாம்னு வண்டிக்கு வண்டி மாறும், பல காருக்கு 0.05லேந்து 0.10 மில்லிமீட்டர்தான் லிமிட்.

ஷெட்டுக்குள்ள நுழையறப்பவே "ணா, டயல் கேஜ் இருக்கா, போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னு கேளுங்க. இல்லேன்னு சொன்னா கோவப்படாம வேற எடம் பாருங்க. நம்ம பக்கத்துல தெருவுக்கு தெரு ஷெட் இருக்கு, நல்ல வேலைக்காரங்களும் இருக்காங்க, ஆனா இந்த ஒரு வேலைக்கு கேஜ் இல்லாம கண்ண மூடிக்கிட்டு டிஸ்க் மாத்தறது உங்க காசுலதான் முடியும்.

5. ஹப், எல்லாரும் விட்டுர்ற எடம்

நான் ஏழு மாசம் சுத்தினது இந்த ஒரு விஷயத்துனாலதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

டிஸ்க் போய் உக்கார்ற தட்டையான முகம் இருக்கே, அதுதான் ஹப். தண்ணியில நின்ன வண்டியிலயும் உப்புக் காத்து படற வண்டியிலயும் அந்த முகத்துல துரு பொறுக்கு பொறுக்கா ஏறியிருக்கும். அது மேலயே புது டிஸ்க்க மாட்டினா டிஸ்க் நேரா உக்காராது, லேசா சாஞ்சு உக்காரும். ஹப் சின்னது, டிஸ்க் பெருசு, அதனால ஹப்ல இருக்கற 0.05 சாய்வு டிஸ்க் ஓரத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆயிரும்.

இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா, மாட்டின அன்னிக்கு உதறல் இருக்காது. புது டிஸ்க் தடிமன் எல்லா எடத்துலயும் ஒண்ணா இருக்கும், சாஞ்சு சுத்தினாலும் காலிப்பர் கூடவே நகர்ந்து சமாளிச்சுரும். நீங்க சந்தோஷமா காசு குடுத்துட்டு வந்துருவீங்க. ஆனா பிரேக் போடாம ஓடறப்பவும் அந்த சாஞ்ச எடம் ஒவ்வொரு சுத்துக்கும் பேட லேசா உரசிக்கிட்டே போகும், மூணாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர்ல அந்த எடம் மட்டும் தேஞ்சு மெலிசாயிரும், அன்னிக்கு உதறல் ஆரம்பிக்கும். எனக்கு ரெண்டு தடவையும் சரியா இப்படித்தான் ஆச்சு. ரெண்டாவது ஷெட்காரர் பழைய டிஸ்க் மட்டமான டிஸ்க்னு சொன்னாரு, நானும் நம்பினேன். டிஸ்க் நல்ல டிஸ்க்தான்.

பாய் பண்ணது இதுதான். டிஸ்க்க கழட்டி, ஹப் முகத்த வயர் பிரஷும் எமரி பேப்பரும் போட்டு இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சாரு, போல்ட் சுத்தி இருக்கற மூலையெல்லாம் சின்ன பிரஷ் விட்டு எடுத்தாரு, அதுக்கே அர மணி நேரம். க்ரைண்டர் வெச்சு ஹப் முகத்த சாண புடிக்கக் கூடாது, மேடு பள்ளம் ஆயிரும். அப்புறம் டிஸ்க்கோட உள் முகத்தையும் தொடச்சாரு. டிஸ்க் மாட்டறதுக்கு முன்னாடி ஹப் முகத்துலயே கேஜ் வெச்சுப் பாத்தாரு, அங்கயே ஆடினா ஹப்போ பேரிங்கோ போயிருக்குன்னு அர்த்தம், அப்ப டிஸ்க் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்கு ஹப் நல்லா இருந்துச்சு.

"தம்பி, சட்டி கோணலா இருந்தா பரவால்ல தட்டி எடுக்கலாம், அடுப்பு கோணலா இருந்தா எந்த சட்டி வெச்சாலும் வழியும்"னு சொன்னாரு.

இன்னொரு நுணுக்கமும் காட்டினாரு. நாலு போல்ட் வண்டியில டிஸ்க்க நாலு விதமா மாட்டலாம். ஒரு ஓட்டைய தள்ளி மாட்டி ஒவ்வொரு தடவையும் கேஜ் போட்டா, எந்த நிலையில ஆட்டம் கம்மியோ அங்க நிறுத்திக்கலாம். எனக்கு 0.07 இருந்தது 0.03க்கு வந்துச்சு, காசு ஒண்ணும் கிடையாது. டிஸ்க்க ஹப்போட ஸ்க்ரூ போட்டு நிறுத்தற வண்டியில மட்டும் இது முடியாது.

6. லேத்தா, புதுசா?

டிஸ்க் ஓரத்துலயோ நடு கிண்ணத்துலயோ குறைஞ்சபட்ச தடிமன் எவ்ளோன்னு அச்சடிச்சிருப்பாங்க. மெலிசான எடத்துல அளந்த தடிமன் அதவிட நல்லா மேல இருந்தா லேத்ல விட்டு சமமாக்கிக்கலாம். வெட்டி எடுத்த பிறகும் அந்த அளவுக்கு மேலதான் இருக்கணும், ஒட்டி இருந்தா புதுசு வாங்குங்க. வெடிப்பு இருந்தாலும் புதுசுதான், பேச்சே இல்ல.

எனக்கு லேத்ல ஒரு டிஸ்க்குக்கு 350 ரூபா. லேத்காரர் டிஸ்க்க புடிக்கற எடத்துல துரு இருந்தா அவர் வெட்டறதும் கோணலாத்தான் வரும், அதனால டிஸ்க் உள் முகத்த தொடச்சுட்டு குடுங்க.

எது பண்ணாலும் இடது வலது ரெண்டும் சேத்துப் பண்ணணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் புடிக்கறப்போ வண்டி இழுக்கும். புது டிஸ்க்னா புது பேடு போடுங்க, பழைய பேடு பழைய டிஸ்க்கோட பள்ளத்துக்குப் பழகியிருக்கும்.

7. பார்ட்ஸ் வாங்கறது, பில்லு

நம்ம ஏரியாவுலேந்து பார்ட்ஸுக்கு பெரும்பாலும் ஜிபி ரோட்டுக்குத்தான் போவோம். போறதுக்கு முன்னாடி ஆர்சியோட போட்டோவும் சேஸிஸ் நம்பரும் போன்ல வெச்சுக்கோங்க, ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் டிஸ்க் அளவு மாறும். பழைய டிஸ்க்கோட விட்டமும் தடிமனும் குறிச்சுக்கிட்டா இன்னும் நல்லது. ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்துக்கு மேல கூட்டம் தாங்காது, வார நாள்ல காலையில பதினோரு மணிக்குப் போங்க.

எனக்கு முன் டிஸ்க் ஜோடி முதல் தடவ 3,600, பேடு செட் 1,500, கூலி 900. இது 2024ல ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கு, பெரிய வண்டின்னா கூடும். அப்ப பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் போட்டாங்க, 2025 செப்டம்பர் 22லேந்து கார் பார்ட்ஸ் எல்லாத்துக்கும் 18 சதவீதம்தான், பில்லுல பழைய கணக்கு போட்டிருந்தா கேளுங்க. "பில்லு வேணாம்னா கொறச்சுத் தரேன்"னு சொல்வாங்க. பிரேக் பார்ட்ஸுக்கு பில்லு இல்லாம வாங்காதீங்க, போலிப் பெட்டி போட்டு வர்ற பேடு இருக்கு, நாளைக்கு மாத்தித் தரச் சொல்லி நிக்கறதுக்கு கையில பேப்பர் வேணும். பழைய பார்ட்ஸ் விக்கற எடத்துல கதவு, கண்ணாடி, லைட்டு வாங்கலாம், டிஸ்க்கும் பேடும் வாங்கக் கூடாது.

8. மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க

டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்புவாங்க, போகாதீங்க. மூணு மணி நேர வேல, நின்னு பாருங்க.

புது டிஸ்க்ல துரு புடிக்காம இருக்க எண்ணெய் தடவி வரும், அத க்ளீனர் போட்டு முழுசா தொடச்சுட்டுத்தான் மாட்டணும். கழட்டின காலிப்பர் பிரேக் ஹோஸ்ல தொங்கக் கூடாது, கம்பி போட்டு கட்டித் தொங்க விடணும். பின்னுக்கு அதுக்குன்னு இருக்கற சிலிக்கான் கிரீஸ்தான், வீல் பேரிங் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப் போய் மறுபடி இறுகிக்கும். பிஸ்டன உள்ள தள்ளும்போது மேல டப்பாவுல ஆயில் பொங்கி வழியலாம், பெயின்ட்ல பட்டா தின்னுரும், உடனே தண்ணி ஊத்துங்க.

ரொம்ப முக்கியம் வீல் நட்டு. ஏர் கன்ன வெச்சு டர்ருனு ஒரே தம்ல முறுக்கிருவாங்க, ஒரு நட்டு ரொம்ப இறுகி இன்னொண்ணு கம்மியா இருந்தா டிஸ்க் அந்தப் பக்கம் இழுபட்டு கோணிக்கும், அவ்ளோ நேரம் ஹப் தேய்ச்சதெல்லாம் வீண். கையால எதிரெதிரா நட்ட புடிச்சு, கடைசியா எவ்ளோ இறுக்கம்னு அளந்து முறுக்கற டார்க் ரெஞ்ச்ல முடிக்கச் சொல்லுங்க. சின்ன காருக்கு பெரும்பாலும் 85லேந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள இருக்கும், உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல பாத்துட்டுப் போங்க. பஞ்சர் கடையில வீல் கழட்டி மாட்டினாலும் இதேதான். எனக்கு டார்க் ரெஞ்ச் வாங்க 1,800 ரூபா ஆச்சு, இந்த மொத்தக் கதையில நான் நல்லா செலவு பண்ணது அது ஒண்ணுதான்.

வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி, நகர்த்தாம, பெடல அஞ்சாறு தடவ மிதிச்சு கெட்டியாகற வரைக்கும் பாருங்க. பிஸ்டன் உள்ள தள்ளியிருக்கும், முதல் மிதிக்கு பிரேக்கே இருக்காது. இத மறந்துட்டு வண்டிய எடுத்தா நேரா எதிர்ச் சுவத்துலதான்.

9. புது பேட பழக்கறது

மாட்டின உடனே வழக்கம் போல ஓட்டிராதீங்க. காலியான ரோட்டுல 50லேந்து 10 வரைக்கும் நிதானமா பிரேக் போட்டு கொறைங்க, முழுசா நிறுத்தாதீங்க, மறுபடி 50க்குப் போங்க, இப்படி ஒரு பத்து தடவ, நடு நடுவுல கொஞ்சம் ஓட விட்டு ஆற விடணும். பேடு டப்பாவுல வேற மாதிரி போட்டிருந்தா அதுபடி பண்ணுங்க. முதல் 200, 300 கிலோமீட்டர் சடன் பிரேக் முடிஞ்ச வரை தவிருங்க.

இது தவிர ஒரு பழக்கம். வேகமா வந்து பலமா பிரேக் போட்டு சிக்னல்ல நின்னா, பேடு சூட்டோட டிஸ்க்க ஒரே எடத்துல கவ்விக்கிட்டு நிக்கும், பேடு பொருள் அந்த எடத்துல ஒட்டி அச்சு விழும். மூலக்கடை பிரிட்ஜ் இறங்கி வந்து நிக்கறோம்ல, அந்த மாதிரி எடம். முன்னாடி கொஞ்சம் எடம் விட்டு நின்னு, மெதுவா ஒரு அடி நகர விட்டுக்கிட்டே இருங்க.

10. பின் ட்ரம்மும் மத்ததும்

ஹேண்ட் பிரேக் டெஸ்ட்ல பின்னாடின்னு தெரிஞ்சா ட்ரம் வட்டமா இல்லாம போயிருக்கும், இல்ல வெள்ளத்துல ஷூ ஒட்டுன எடத்துல துரு திட்டு விழுந்திருக்கும். ட்ரம்மையும் லேத்ல விடலாம், இதுல அதிகபட்ச உள் விட்டம் அச்சடிச்சிருக்கும், அத தாண்டக் கூடாது. கழட்டறப்போ ஷூவ தள்ற வீல் சிலிண்டர் ரப்பர் கிட்ட ஈரம் இருந்தா லீக், அத மாத்தாம மூடாதீங்க.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட்னு வீல தாங்கற, திருப்பற இணைப்பெல்லாம் தேஞ்சிருந்தா சின்ன உதறலையும் பெருசாக்கிக் காட்டும், ஆனா உதறல உண்டாக்கறது பெரும்பாலும் அது இல்ல. வீல தூக்கி கையால ஆட்டி, கம்பி விட்டு நெம்பி, லூஸ் இருக்கறத உங்க கண்ணால காட்டினா மாத்துங்க. எனக்கு யாரும் காட்டல, நானும் கேக்கல, ரெண்டு ஆர்முக்கு மட்டும் 3,800 போச்சு.

11. பேப்பர் வேல

ஷெட்ல ஜாப் கார்டுல "பிரேக் செக்"னு எழுத விடாதீங்க. "80ல பிரேக் போட்டா ஸ்டீரிங் உதறல், பிரேக் இல்லாம உதறல் இல்ல"ன்னு முழுசா எழுதச் சொல்லுங்க, கிலோமீட்டரும் போடணும். திரும்ப வந்தா அதான் உங்க ஆதாரம். அளந்த நம்பர் எல்லாம் பில்லு பின்னாடியே எழுதி வாங்குங்க, கழட்டின பார்ட்ஸ கேட்டு வாங்குங்க, ஹப் சுத்தம் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு போட்டோ.

இன்சூரன்ஸ் பத்தி. டிஸ்க், பேடு தேய்மானத்துக்கு கிளெய்ம் கிடையாது. ஆனா வெள்ளத்துல வண்டி நின்னு சேதமாச்சுன்னா நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் கவர் இருக்கற பாலிசியில கேக்கலாம், மூணாம் நபர் பாலிசி மட்டும்னா கிடையாது. தண்ணி நிக்கும்போதே நம்பர் பிளேட் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, உடனே கம்பெனிக்குச் சொல்லுங்க, சர்வேயர் பாக்கறதுக்கு முன்னாடி எதையும் கழட்டாதீங்க. நான் ரெண்டு வாரம் கழிச்சு முழிச்சுக்கிட்டேன், அதுக்குள்ள காட்டறதுக்கு கையில ஒண்ணுமே இல்ல.

ஷெட்காரர் மாத்தாத பார்ட்டுக்கு காசு வாங்கினா, இல்ல வேலைய சரியா பண்ணாம கைய விரிச்சா, முதல்ல பேசிப் பாருங்க, பெரும்பாலும் பேச்சுலயே முடிஞ்சிரும். முடியலேன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க. அதுக்கும் மேல சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, பிரச்சன நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அஞ்சு லட்சத்துக்குள்ள குடுத்த சரக்கு, சர்வீஸ்னா கட்டணம் கிடையாது. அங்கயும் கேக்கப் போறது பில்லும் ஜாப் கார்டும்தான்.

அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு வேல. தண்ணி ஏறும்னு தெரிஞ்சா வண்டிய மேடான எடத்துக்குக் கொண்டு போங்க, முடியலேன்னா ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல நிறுத்தி வீலுக்கு கல்லு வைங்க, ஷூ ட்ரம்மோட ஒட்டிக்காது. தண்ணி வடிஞ்சதும் அடுத்த நாளே தெருவுக்குள்ள மெதுவா ஓட்டி பத்து தடவ பிரேக் போட்டு துருவ எடுங்க, அந்த வாரத்துக்குள்ள வீல கழட்டி காலிப்பர் பின்ன சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டுருங்க. எங்க தெருவுல இப்ப அஞ்சு கார் இருக்கு, மழை முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் ஒண்ணா சேந்து பண்றோம், ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம், கிரீசுக்கு ஒரு 60 ரூபா.